ஹோனின்போ பட்டப்போட்டி: கோ விளையாட்டின் மிகப் பழைய பட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோனின்போ என்பது என்ன?

ஜப்பானில் கோ விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்களுக்காக நடத்தப்படும் பட்டப்போட்டிகளுள் மிகப் பழையது ஹோனின்போ. 1939-இல் தொடங்கிய இப்போட்டியை மைனிச்சி நாளிதழ் நடத்தி வருகிறது. நிஹோன் கி-இன், கன்சாய் கி-இன் என்னும் இரண்டு தொழில்முறைச் சங்கங்களைச் சேர்ந்தவர்களும் இதில் ஆடலாம். முன்சுற்றுகளில் எல்லோரையும் வென்று வரும் ஒருவர், பட்டத்தை ஏற்கெனவே வைத்திருப்பவருக்குச் சவால் விடுவார். அவர்கள் இருவருக்கும் இடையே நடக்கும் தொடரில் வெல்பவரே அடுத்த ஓராண்டுக்கு ஹோனின்போ.

மற்ற பட்டங்களிலிருந்து இதை வேறுபடுத்துவது அதன் பெயர். கிசெய், மெய்ஜின் ஆகிய பட்டங்கள் பரிசுத்தொகையில் இதைவிடப் பெரியவை. ஆனால் "ஹோனின்போ" என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறி வந்த ஒரு குலப்பெயர். அந்தப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் எழுதிக்கொள்ளும் உரிமைக்காகவே ஆடுகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இப்போட்டியின் வரலாறு புரியும்.

கோ விளையாட்டே எனக்குத் தெரியாது. குறைந்தபட்சம் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பலகையில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள் இருக்கும். அவை சந்திக்கும் புள்ளிகள் 361. ஆடுபுலி ஆட்டத்தைப் போலவே இதிலும் காய்கள் கட்டங்களுக்குள் அல்லாமல் கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் வைக்கப்படுகின்றன. கறுப்புக் காய் வைத்திருப்பவர் முதலில் ஆடுவார். பிறகு மாறிமாறி ஒவ்வொரு காயாக வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒருமுறை வைத்த காய் இடம் பெயராது. ஒரு காயையோ சேர்ந்திருக்கும் காய்க்கூட்டத்தையோ ஒட்டியுள்ள காலிப் புள்ளிகள் அனைத்தையும் எதிராளி அடைத்துவிட்டால், அந்தக் காய்கள் சிறைப்பட்டுப் பலகையிலிருந்து எடுக்கப்படும். ஆட்டத்தின் நோக்கம் சிறைபிடிப்பது அன்று. காய்களால் வேலி கட்டி, எதிராளியைவிடக் கூடுதலான இடத்தைத் தனதாக்கிக்கொள்வதே ஆகும்.

முதலில் ஆடுபவருக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. அதைச் சமன்செய்ய வெள்ளைக்குக் கொடுக்கப்படும் புள்ளிகளுக்குக் கோமி என்று பெயர். ஜப்பானில் இன்று அது ஆறரைப் புள்ளி. அந்த அரைப்புள்ளி இருப்பதால் ஆட்டம் சமனில் முடிய வாய்ப்பில்லை.

ஹோனின்போ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

கியோத்தோவில் உள்ள ஜக்கோ-ஜி என்னும் பௌத்த ஆலயத்தின் வளாகத்தில் இருந்த ஒரு சிறு துறவியர் இல்லத்தின் பெயர் அது. அங்கே வாழ்ந்த சான்சா (1559–1623) என்னும் துறவி அக்காலத்தின் தலைசிறந்த கோ ஆட்டக்காரர். ஓடா நொபுனாகா, தொயொதோமி ஹிதெயோஷி, தொகுகாவா இயேயாசு ஆகிய மூன்று பேராட்சியாளர்களுக்கும் அடுத்தடுத்து நெருக்கமாக இருந்தவர் அவர். ஜப்பானை ஒன்றிணைத்த போர்களின் நடுவே, ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் அரண்மனையில் தம் இடத்தை இழக்காமல் ஒரு துறவி பலகையின் முன் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கிறது.

தொகுகாவா ஆட்சியில் கோ ஆட்டத்துக்கு அரசு மானியம் கிடைத்தது. ஹோனின்போ, இனோவே, யாசுய், ஹயாஷி என நான்கு குலங்கள் உருவாயின. குலம் என்றாலும் இரத்த உறவு முக்கியமில்லை. தலைவர் தம் மாணவர்களுள் வல்லவரைத் தத்தெடுத்து வாரிசாக்குவார். இந்நால்வருள் பெரும்பாலான காலம் ஓங்கி நின்றது ஹோனின்போ குலமே. நான்காம் தலைவரான தோசாகு இன்றுவரை கோ ஆட்டத்தின் மிகப்பெரிய மேதைகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். ஆண்டுக்கொருமுறை, ஷோகுன் எனப்பட்ட ஆட்சித்தலைவரின் கோட்டையில் நான்கு குலத்தவரும் ஆடிக்காட்டுவர். பரம்பரைத் தலைமையை எட்டும் முன்பே இறந்துபோன வாரிசான ஷூசாகு, அந்தக் கோட்டை ஆட்டங்களில் பத்தொன்பது ஆடி, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1862-இல் எடோ (இன்றைய தோக்கியோ) நகரில் காலரா பரவியபோது ஹோனின்போ இல்லத்தில் நோயுற்றவர்களுக்குப் பணிவிடை செய்தவர், தாமும் அந்நோய்க்கே இரையானார். அப்போது அவருக்கு வயது 33.

பரம்பரைப் பெயர் எப்படிப் போட்டிப் பட்டமாக மாறியது?

1868-இல் தொகுகாவா ஆட்சி முடிந்ததும் மானியம் நின்றது. குலங்கள் வறுமையில் வாடின. அவற்றின் இடத்தைப் படிப்படியாக நாளிதழ்கள் நிரப்பின. ஆட்டப் பதிவுகளைத் தொடராக வெளியிட்டால் இதழ் விற்கும் என்று கண்டுகொண்ட நாளிதழ்களே ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தன. 1924-இல் நிஹோன் கி-இன் நிறுவப்பட்டபின், தனித்தனிக் குலங்களுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

கடைசிப் பரம்பரைத் தலைவர், இருபத்தொன்றாம் ஹோனின்போவான ஷூசாய். தமக்குப்பின் வாரிசு ஒருவரை நியமிப்பதற்குப் பதிலாக, 1930-களின் பிற்பகுதியில் அப்பெயரை நிஹோன் கி-இன்னுக்குக் கொடுத்துவிட்டார். இனி வல்லவர் எவரோ அவரே ஆடி வென்று அப்பெயரை எடுத்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. முந்நூறு ஆண்டுகாலச் சொத்தை இப்படிக் கைவிட்டதற்காக அவரைப் பழித்தவர்களும் உண்டு. பணத்துக்காகச் செய்தார் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால், அன்று அவர் அப்படிச் செய்திராவிட்டால், மற்ற மூன்று குலப்பெயர்களைப் போல ஹோனின்போவும் இன்று வரலாற்று ஆய்வாளர்கள் மட்டுமே அறிந்த ஒரு பெயராகச் சுருங்கியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஷூசாயின் விடைபெறும் ஆட்டம் 1938 ஜூன் 26 அன்று தொடங்கியது. எதிரே அமர்ந்தவர் கிதானி மினோரு. ஒவ்வொருவருக்கும் சிந்தனை நேரம் நாற்பது மணி. இடையில் ஷூசாய் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்ததால் சுமார் மூன்று மாதம் ஆட்டம் நின்றது. டிசம்பர் 4 அன்று, 237-ஆம் காயுடன், கறுப்பு வைத்திருந்த கிதானி ஐந்து புள்ளியில் வென்றார். ஓராண்டுக்குச் சற்று மேல் கழிந்து, 1940 ஜனவரியில் ஷூசாய் காலமானார்.

முதல் போட்டி எப்படி நடந்தது?

தயக்கத்துடன்தான் நடந்தது. கோமி கொடுத்து ஆடுவது உண்மையான கோ ஆட்டமே அன்று என்று மூத்தவர்கள் சிலர் எதிர்த்தனர். அப்படி எதிர்த்த கட்டோ ஷின் இறுதிக்கு வந்தார். அவருக்கும் செகியாமா ரியிச்சிக்கும் இடையே நடந்த ஆறு ஆட்டங்கள் மூன்றுக்கு மூன்று என முடிந்தன. முன்சுற்றுகளில் மேலிடம் பெற்றிருந்தவர் என்ற அடிப்படையில் 1941-இல் செகியாமா முதல் ஹோனின்போவாக அறிவிக்கப்பட்டார். 1943-இல் அவர் பட்டத்தைக் காக்க அமர்ந்தபோது இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் உடல்நலம் குன்றி விழுந்தார். பட்டம் ஹாஷிமோட்டோ உதாரோவுக்குப் போயிற்று. அப்போது போட்டி இரண்டாண்டுக்கொருமுறைதான் நடந்தது.

அணுகுண்டு விழுந்த நாளில் ஹோனின்போ ஆட்டம் நடந்தது என்பது உண்மையா?

உண்மை. மூன்றாவது ஹோனின்போ தொடரின் இரண்டாம் ஆட்டம் அது.

1945-இல் தோக்கியோ குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் நிஹோன் கி-இன் கட்டடமும் சாம்பலாயிற்று. நாளிதழ்களில் கோ பகுதிக்கு இடமே இல்லை. இருந்தும் பட்டப்போட்டி அறுந்துபோகக் கூடாது என்று கருதிய மூத்த ஆசிரியர் செகோயே கென்சாகு, தம் சொந்த மாநிலமான ஹிரோஷிமாவில் அதை நடத்த ஏற்பாடு செய்தார். பட்டத்தை வைத்திருந்த ஹாஷிமோட்டோ, செகோயேயின் மாணவர். சவால் விட்டவர் இவாமோட்டோ கவோரு.

முதல் ஆட்டம் ஜூலை 23 முதல் 25 வரை ஹிரோஷிமா நகருக்குள்ளேயே, வான்தாக்குதல்களுக்கு நடுவே நடந்தது; இவாமோட்டோ வென்றார். நகரில் ஆடுவது ஆபத்து என்று காவல்துறை தடுத்ததால், இரண்டாம் ஆட்டத்தை மேற்குப் புறநகரான இத்சுகாய்ச்சிக்கு மாற்றினர். ஆகஸ்ட் 4 அன்று அது தொடங்கியது. மூன்றாம் நாளான 6-ஆம் தேதி காலையில், முந்தைய நாள் நிறுத்திய இடம்வரை, அதாவது 106-ஆம் காய்வரை, பலகையில் மீண்டும் அடுக்கினார்கள். மணி 8:15. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், பிறகு பெருமுழக்கம், அதன்பின் வந்த காற்று சன்னல் கண்ணாடிகளை நொறுக்கி, அறையைப் புரட்டிப்போட்டு, காய்களைச் சிதறடித்தது. ஹாஷிமோட்டோ அந்நேரத்தில் தோட்டத்தில் நின்றிருந்தார்.

கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளினார்கள். காய்களைப் பொறுக்கி, மறுபடியும் அதே இடங்களில் வைத்தார்கள். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மாலையில் வெள்ளை வைத்திருந்த ஹாஷிமோட்டோ ஐந்து புள்ளியில் வென்றார். நகரிலிருந்து தப்பி வந்தவர்கள் அதற்குள் அந்தப் புறநகரை அடையத் தொடங்கிவிட்டிருந்தனர். என்ன நடந்தது என்பது அப்போதுதான் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்தது. முதல் ஆட்டத்துக்கு இடம் தந்த வீட்டுக்காரர் உயிரிழந்தார். நடுவராக இருந்த செகோயே தம் மகனை அந்தக் குண்டுக்குப் பலிகொடுத்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சிலர் கலைஞனின் மன ஒருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. என்ன நடந்தது என்று அறியாத நிலையில், தொடங்கிய வேலையை முடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றிய மனிதர்களாகவே நான் அவர்களைப் பார்க்கிறேன். அந்த ஆட்டப் பதிவை முதன்முறை பலகையில் வைத்துப் பார்த்தபோது, 106-க்கும் 107-க்கும் இடையே என் கை தானாகவே நின்றுவிட்டது. பதிவில் அந்த இடத்தில் எந்த அடையாளமும் இருக்காது. ஒரு காய்க்குப் பின் அடுத்த காய், அவ்வளவுதான்.

மீதி ஆட்டங்கள் போர் முடிந்தபின் நடந்து, தொடர் மூன்றுக்கு மூன்று என நின்றது. 1946-இல் நடந்த கூடுதல் ஆட்டங்கள் இரண்டிலும் வென்று இவாமோட்டோ ஹோனின்போ ஆனார். எரிந்துபோன சங்கத்துக்குத் தம் வீட்டையே அலுவலகமாகக் கொடுத்தவர் அவர். தப்பிப் பிழைத்த உயிரை இந்த ஆட்டத்தை உலகெங்கும் கொண்டுசெல்லச் செலவிட வேண்டும் என்று உறுதி பூண்டு, முதிய வயதில் தம் சொத்தைக் கொடுத்து சாவ் பாவ்லோ, ஆம்ஸ்டர்டாம், நியூயார்க், சியாட்டில் நகரங்களில் கோ மையங்கள் அமையச் செய்தார். 97 வயதுவரை வாழ்ந்தார்.

கன்சாய் கி-இன் ஏன் தனியே பிரிந்தது?

அதன் முழுக் கதை நீண்டது. இங்கே ஒரு துண்டு மட்டும். போட்டியை ஆண்டுதோறும் நடத்துவது என்று தோக்கியோ தரப்பு முடிவெடுத்த விதம் குறித்தும், ஒசாகா பகுதி ஆட்டக்காரர்களின் நிலை குறித்தும் கருத்து வேறுபாடு முற்றியது. 1950-இல் இவாமோட்டோவை 4–0 என வென்று பட்டத்தை மீட்டிருந்த ஹாஷிமோட்டோவின் தலைமையில் கன்சாய் கி-இன் பிரிந்தது. பட்டம் தங்கள் சங்கத்தை விட்டுப் போய்விட்டதே என்ற கவலையில் தோக்கியோ 1951-இல் அனுப்பிய சவாலாளர் சகாத்தா எய்யோ. ஏழு ஆட்டத் தொடரில் அவர் 3–1 என முன்னேறிவிட்டார். புதிய சங்கத்தின் உயிரே ஊசலாடிய அந்த நிலையில் ஹாஷிமோட்டோ மீதி மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று பட்டத்தைக் காத்தார்.

சவாலாளர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார்?

2023 வரை எண்மர் ஆடும் ஒரு லீக் சுற்று இருந்தது. ஒவ்வொருவரும் மற்ற எழுவருடன் ஆட வேண்டும். முதலிடம் பெற்றவர் சவாலாளர். கடைசி நால்வர் வெளியேற, முன்சுற்றுகளில் வென்ற நால்வர் அடுத்த ஆண்டு உள்ளே வருவர். இந்த லீக்கில் இடம்பிடிப்பதே பலருக்கு வாழ்நாள் சாதனை. 2024 முதல் லீக் கைவிடப்பட்டு, பதினாறு பேர் ஆடும் வெளியேற்றுச் சுற்றாக மாறிவிட்டது.

ஆட்டம் நடக்கும் நாளில் அறைக்குள் என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல ஆசை.

பட்டத் தொடரின் ஆட்டங்கள் ஊர் ஊராகச் சென்று, பெரும்பாலும் பழைய விடுதிகளில் நடக்கும். பாய் விரித்த அறை. நடுவில் கயா மரத்தில் ஒரே துண்டாகச் செதுக்கிய கனத்த பலகை. அதன் குட்டையான கால்கள் குச்சினாஷி என்னும் பூச்செடியின் காயைப் போல வடிக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய மொழியில் அப்பெயரைக் கேட்டால் "வாயில்லாதது" என்றும் பொருள்படும். வேடிக்கை பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பதற்கான குறிப்பு அது என்பார்கள். வெள்ளைக் காய் சிப்பி ஓட்டில் கடைந்தது; கறுப்புக் காய் நாச்சி என்னும் இடத்தின் கருங்கல். ஆட்காட்டி விரலின் நகத்துக்கும் நடுவிரலின் நுனிக்கும் இடையே காயைப் பிடித்து வைக்கும்போது எழும் அந்தச் சன்னமான ஒலியைத் தவிர அறையில் நெடுநேரம் வேறு ஒலியே இராது.

முதல் ஆட்டத்தில் யார் கறுப்பு என்பதைத் தீர்மானிக்க, மூத்தவர் வெள்ளைக் காய்களில் ஒரு கைப்பிடி அள்ளுவார். இளையவர் ஒன்றோ இரண்டோ கறுப்புக் காய்களை வைத்து, அது ஒற்றையா இரட்டையா என்று ஊகிப்பார். ஊகம் சரியானால் அவருக்குக் கறுப்பு.

நீண்டகாலம் ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு நாள் நடந்தது. ஒவ்வொருவருக்கும் எட்டு மணி நேரம். முதல் நாள் மாலையில் ஆட்டத்தை நிறுத்தும்போது, அடுத்து ஆட வேண்டியவர் தம் காயைப் பலகையில் வைக்காமல், எதிராளிக்குத் தெரியாதபடி தாளில் குறித்து உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவார். மறுநாள் காலை நடுவர் அந்த உறையைப் பிரிப்பார். இவ்வழக்கத்தின் அருமையை விளக்க 1933-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். அன்றைய மெய்ஜினான ஷூசாய், பத்தொன்பது வயதான கோ செய்கென்னுடன் ஆடிய ஆட்டத்தில், பழைய மரபுப்படி வெள்ளை வைத்திருந்த மூத்தவர் தம் முறை வரும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி வீட்டுக்குப் போகலாம். அவர் பலமுறை அப்படிச் செய்தார். இறுதியில் வெற்றியைத் தந்த 160-ஆம் காய், இடைவேளையில் அவருடைய மாணவர் கண்டுபிடித்துக் கொடுத்தது என்ற பேச்சு இன்றளவும் ஓயவில்லை. உறை முறை அத்தகைய ஐயத்துக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறது.

நேரம் தீர்ந்தபின் ஒவ்வொரு காயையும் ஒரு நிமிடத்துக்குள் வைத்தாக வேண்டும். பதிவாளர் நொடிகளை உரக்க எண்ணிச் சொல்வார். இதற்குப் பியோயோமி என்று பெயர்.

இப்பட்டத்தின் மறக்க முடியாத வீரர்கள் யார்?

எல்லோரையும் சொல்ல இடமில்லை. நான் திரும்பத் திரும்ப நாடுபவர்களை மட்டும் சொல்கிறேன்.

தகாகாவா ககு 1952 முதல் 1960 வரை ஒன்பது முறை தொடர்ந்து வென்றார். தொடக்கத்தில் அவரை வலிமையானவர் என்று யாரும் மதிக்கவில்லை. சண்டையைத் தேடாமல், கணக்குப் போட்டு, அரைப்புள்ளியானாலும் போதும் என்று ஆடுவார். "ஓடும் நீர் முந்திக்கொள்ளப் போட்டியிடாது" என்பது அவர் போற்றிய பழமொழி. அந்த நீரோட்டத்தை 1961-இல் நிறுத்தியவர், பத்தாண்டுக்கு முன் ஹாஷிமோட்டோவிடம் தோற்ற அதே சகாத்தா. அப்போது அவருக்கு வயது 41. அந்த வயதில் தொடங்கி ஏழாண்டு பட்டத்தை விடவில்லை. ஆட்டத்தின் கூர்மைக்காக அவரைச் "சவரக்கத்தி" என்றே அழைத்தார்கள்.

1971-இல் 22 வயதில் பட்டம் வென்ற இஷிதா யோஷியோவுக்கு, கடைசிக்கட்டக் கணக்கில் பிழையே செய்யாததால், "கணினி" என்று பெயர். அவருக்கு நேரெதிர் தாகேமியா மசாகி. ஓரங்களில் இடம் சேர்ப்பதை விட்டுவிட்டுப் பலகையின் நடுவெளியில் மாபெரும் வேலி கட்டும் அவருடைய பாணியை "அண்டப் பாணி" என்பார்கள். ஆறு முறை அவர் ஹோனின்போ.

பிறகு சோ சிகுன். கொரியாவில் பிறந்து, ஆறு வயதில் ஜப்பானுக்கு வந்து, ஷூசாயின் கடைசி எதிராளியான அதே கிதானி மினோருவின் இல்லத்தில் வளர்ந்தவர். 1989 முதல் 1998 வரை பத்தாண்டு தொடர்ந்து பட்டம் அவரிடமே இருந்தது. முன்னர் வென்றவற்றையும் சேர்த்தால் மொத்தம் பன்னிரண்டு. அவற்றுள் 1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதே இல்லத்தில் உடன் வளர்ந்த கோபாயாஷி கோயிச்சி தொடர்ந்து சவாலாளராக வந்தார். முதலாண்டில் 1–3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்தும், அடுத்த ஆண்டில் 0–2 என்ற நிலையிலிருந்தும், மூன்றாம் ஆண்டில் 0–3 என்ற நிலையிலிருந்தும் சோ எழுந்து வந்து வென்றார். அக்காலத்தில் மற்ற பெரும் பட்டங்களில் கோபாயாஷியே கோலோச்சினார். அத்தனை பட்டங்களை வென்றவருக்கு ஹோனின்போ என்ற பெயர் கடைசிவரை வாய்க்கவில்லை. வென்ற சோவைப் போலவே தோற்ற கோபாயாஷியையும் நினைக்காமல் அந்த ஆட்டங்களைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

சோவின் தொடர் சாதனையை முறியடித்தவர் இயாமா யூத்தா. 2012 முதல் 2022 வரை பதினோரு முறை தொடர்ந்து வென்றார். 2016-இல் ஏழு பெரும் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் மனிதரும் அவரே.

"இருபத்தைந்தாம் ஹோனின்போ" என்று சிலரை அழைப்பதன் பொருள் என்ன?

ஐந்து முறை தொடர்ச்சியாகவோ மொத்தம் பத்து முறையோ வென்றவர்களுக்கு நிலையான கௌரவப் பட்டம் உண்டு. பழைய குலத்தின் எண்ணிக்கை அங்கே தொடர்கிறது. ஷூசாய் இருபத்தொன்று, தகாகாவா இருபத்திரண்டு, சகாத்தா இருபத்துமூன்று, இஷிதா இருபத்துநான்கு, சோ சிகுன் இருபத்தைந்து, இயாமா இருபத்தாறு. பொதுவாக அறுபது வயதுக்குப் பிறகோ ஓய்வுபெற்ற பிறகோதான் இப்பெயரைச் சூடலாம். பத்து முறை தொடர்ந்து வென்ற சோவுக்கு விதிவிலக்காக முன்னதாகவே அது வழங்கப்பட்டது. மேலும், பட்டம் வென்றவர்கள் பழைய குலத்தலைவர்களைப் போலத் தமக்கென ஒரு புனைபெயர் சூடிக்கொள்ளும் வழக்கமும் உண்டு: தகாகாவா ஷூகாகு ஆனார், இஷிதா ஷூஹோ ஆனார், இயாமா மோன்யூ ஆனார்.

வெளிநாட்டவரும் பெண்களும் ஆட முடியுமா?

ஜப்பானியச் சங்கங்களில் தொழில்முறை உறுப்பினராக இருந்தால் பிறந்த நாடு தடையில்லை. சோ சிகுனைத் தவிர, ஷாங்காயில் பிறந்து தைவானில் வளர்ந்த ரின் காய்ஹோ 1968-இல் சகாத்தாவிடமிருந்தே இப்பட்டத்தைப் பறித்தார். தைவானைச் சேர்ந்த ஓ மெய்யென், சோ உ ஆகியோரும் வென்றிருக்கிறார்கள். பெண்கள் ஆடவும் தடையில்லை. ஆனால் இதுவரை எவரும் இப்பட்டத்தை வென்றதில்லை. பெண்களுக்கெனத் தனியே ஒரு ஹோனின்போ போட்டியும் நடக்கிறது. 2014-இல் புஜிசாவா ரினா அதைப் பதினாறு வயதில் வென்றார்.

2024-இல் போட்டி சுருங்கியது ஏன்?

நாளிதழ் விற்பனை ஆண்டுதோறும் சரிவதுதான் அடிப்படைக் காரணம். எழுபத்தொன்பதாவது போட்டியிலிருந்து வென்றவருக்கான பரிசு 2 கோடியே 80 லட்சம் யென்னிலிருந்து 85 லட்சம் யென்னாகக் குறைந்தது. ஏழு ஆட்டத் தொடர் ஐந்தாயிற்று. இரண்டு நாள் ஆட்டம் ஒரே நாளில் முடிகிறது; எட்டு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. கிசெய், மெய்ஜின் ஆகியவற்றோடு சேர்ந்து முப்பெரும் பட்டங்கள் என்று சொல்லப்பட்டு வந்த வரிசையிலிருந்தும் ஹோனின்போ இறங்கிவிட்டது.

பணம் குறைந்ததைவிட எனக்கு வருத்தம் தருவது உறை போனதுதான். ஓர் இரவு முழுவதும், உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதிராளி படுத்திருக்கும் அந்த நாடகம் ஹோனின்போவில் இனி இல்லை. ஒரு நாள் ஆட்டமே இக்காலத்துக்கு ஏற்றது என்பாரும் உண்டு. சீனத்திலும் கொரியாவிலும் வெகுநாளாக அப்படித்தான். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் எட்டு மணி நேரத்தில் சிந்தித்து ஆடிய ஆட்டங்களில் கிடைத்த ஆழத்தை மூன்று மணி நேரத்தில் எதிர்பார்க்க முடியாது.

ஏழு ஆட்டத் தொடராக நடந்த கடைசிப் போட்டி 2023-இல் நடந்தது. அதில் இயாமாவை 4–3 என வென்று அவருடைய பதினோராண்டுத் தொடரை முடித்தவர் இச்சிரிகி ரியோ. சென்டாய் நகரில் பிறந்த இவர், தம் குடும்பத்தினர் நடத்தும் காஹோகு ஷிம்போ நாளிதழில் செய்தியாளராகச் சேர்ந்தவர். நாளிதழ்கள் வளர்த்த ஆட்டம் நாளிதழ்களோடு சேர்ந்து சுருங்கும் காலத்தில், நாளிதழ்க்காரர் ஒருவரே பட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். 2024-இல் ஐந்தாட்டத் தொடராக மாறிய முதல் போட்டியிலும் அவர் 3–0 எனப் பட்டத்தைக் காத்தார்.

புதிதாகப் பார்ப்பவர் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

பட்டப்போட்டிக்கும் முந்தைய ஓர் ஆட்டத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ஹோனின்போ என்ற பெயருக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது அதில் தெரியும். 1846-இல் ஒசாகாவில், இன்னும் இருபது வயதைத் தொடாத ஷூசாகு, இனோவே குலத்தலைவர் கென்னான் இன்செகியுடன் ஆடியது. தொடக்கத்தில் இளையவர் ஒரு மூலையில் தவறு செய்து பின்தங்கினார். வேடிக்கை பார்த்த கூட்டம் முழுவதும் கென்னானே வெல்வார் என்று கருதியபோது, அங்கிருந்த மருத்துவர் ஒருவர் மட்டும் மறுத்தார். ஷூசாகுவின் 127-ஆம் காய் விழுந்ததும் கென்னானின் காதுகள் சிவந்துவிட்டன, அவர் கலங்கிவிட்டார் என்பதே அவர் கண்ட அறிகுறி. மருத்துவர் சொன்னபடியே ஷூசாகு இரண்டு புள்ளியில் வென்றார்.

பதிவு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். திரையில் ஓட்டிப் பார்க்காமல், தாளில் கட்டம் போட்டாவது, ஏதேனும் இரு நிற விதைகளைக் காய்களாக வைத்தாவது, உங்கள் கையாலேயே ஒவ்வொன்றாக வையுங்கள். 127-ஆம் காய் நடுப்பலகைக்கு அருகில், தனியாக, எதையும் தாக்காதது போல வந்து அமரும். அதை வைத்ததும் அடுத்த காயை எடுக்காமல், அந்த ஒரு புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள்.